அரசினர் கொள்முதலும் நாட்டு நலமும்

ஏரி நிறைந்திருக்கின்றது, மதகு திறக்கப்படுகின்றது. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்கள் முதலில் நீர் பெறுகின்றன; இடையில் உள்ளவை அடுத்துப் பெறுகின்றன. கடைமடையில் உள்ள வயல்களோ, முறைவைத்து நீர் பாய்ச்சுவார் இல்லையாயின், வாடி நிற்கின்றன. ஏரி ஊர் முழுமைக்கும் பொது. அதன் கரையை உயர்த்தவும் தூர் எடுக்கவும் கடைமடை உழவனும் தோள் கொடுத்திருக்கின்றான். ஆதலின், எந்த வயலுக்கு எத்துணை நேரம் நீர் என்பதை, மதகு திறப்பதற்கு முன்னரே ஊரார் கூடி முடிவு செய்வர். அம்முறையை நீர் பாயத் தொடங்கிய பின்னர் ஒருவர் மாற்ற முனைவாராயின் ஊரில் பூசல் விளையும்.

அரசினரின் கருவூலமும் அத்தகைய ஏரியே ஆகும். நாட்டின் எல்லாப் பகுதி மக்களும் செலுத்தும் வரி அதனை நிரப்புகின்றது. அரசினர் பொருள் வாங்கும்பொழுது அந்நீர் வெளியே பாய்கின்றது. அது யாருடைய வயலுக்குப் பாய்தல் வேண்டும்? முன்னரே செழித்திருக்கும் தலைமடைக்கு மட்டுமா, கடைமடைக்குமா, அன்றி அயல்நாட்டு வாய்க்கால் வழியே ஓடிவிடலாமா? அதனை முடிவு செய்யும் முறை யாது? இவ்வினாக்களைப் பற்றி இப்பாடத்தில் ஆராய்வோம்.

அரசினர் வாங்கும் பொருள்கள் பல. பள்ளிக்கு வேண்டிய பலகை முதல் போருக்கு வேண்டிய கப்பல் வரை எல்லாம் அவற்றுள் அடங்கும். இவற்றை வாங்குவதற்கு ஒரு நன்முறை உண்டு. இன்ன பொருள், இத்துணை அளவில், இன்ன தரத்தில், இன்ன நாளுக்குள் வேண்டும் என்று அரசினர் விளம்பரம் செய்வர். அதனை அளிக்க விரும்புவோர் தம் விலையை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்துக் குறித்த நாளில் சேர்ப்பிப்பர். இதற்கு ஒப்பந்தப்புள்ளி என்று பெயர். உறைகள் யாவும் குறித்த நேரத்தில் பலர் முன்னிலையில் பிரிக்கப்படும். கேட்ட தரத்தில் குறைந்த விலைக்குத் தர ஒப்பியவருக்கே ஒப்பந்தம் அளிக்கப்படும். வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாட்டுக்கு இதில் இடமில்லை. மக்களின் பணமும் வீணாவதில்லை. இவை இரண்டும் இம்முறையின் பெருஞ்சிறப்புகளாம்.

எனினும், சிறு பொருள்களுக்குப் பொருந்தும் இம்முறை, பெரும் பொருள்களுக்கு மட்டும் முற்றிலும் போதுமானதாக இல்லை. ஒரு நாடு நூறு கோடிக் கணக்கில் பணம் செலவிட்டு அயல்நாட்டு நிறுவனமொன்றிடம் போர் விமானங்களை வாங்குகின்றது என்று கொள்வோம். விமானம் கிடைக்கும், பணம் போய்விடும். அப்பணத்தால் தொழிற்சாலை எழுவதும், இளைஞர்கள் தொழில் பயில்வதும் அயல்நாட்டிலேயே நிகழும். நாளை அவ்விமானம் பழுதுற்றால், செப்பனிடத் தெரிந்தவரும் அங்கேதான் இருப்பர். இதனை உணர்ந்த நாடுகள் ஒரு நிபந்தனையைச் சேர்க்கத் தொடங்கின. “உம்மிடம் பொருள் வாங்குவோம், ஆனால் அதன் மதிப்புக்கு ஈடான தொழிலை எம் நாட்டில் நீர் வளர்த்தல் வேண்டும், எப்பகுதியில், எத்தொழிலை, எவ்வாறு வளர்ப்பீர் என்பதை உம் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிக் காட்டல் வேண்டும்” என்பதே அந்நிபந்தனை. இத்துறையில் நெடுங்காலப் பயிற்சி பெற்ற நாடுகளுள் ஒன்று கனடா. அதன் வரலாறு நமக்கு நல்ல படிப்பினையைத் தரும்.

கனடா வட அமெரிக்காவில் உள்ளது. பரப்பளவில் உலகின் இரண்டாவது பெருநாடு. அது 10 மாகாணங்களையும் 3 ஆட்சிப் பகுதிகளையும் உடையது. கிழக்கே அட்லாண்டிக் கடற்கரையில் மீன்பிடித் தொழில் மிக்க சிறு மாகாணங்கள் உள்ளன. நடுவே ஒண்டாரியோ, கியூபெக் என்னும் இரு பெரு மாகாணங்கள் உள்ளன. மக்கள் தொகையிலும் ஆலைத் தொழிலிலும் அவையே முதன்மை பெற்றவை. அவற்றின் மேற்கே கோதுமை விளையும் சமவெளி மாகாணங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றையும் கடந்தால் பசிபிக் கடற்கரை. இவ்வாறு ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை நீண்டுகிடக்கும் நாட்டில், நடுவிலுள்ள இரு மாகாணங்களே தலைமடையாய் நின்று நீரை உண்டுவிடுகின்றன என்னும் குறை, மேற்கிலும் கிழக்கிலும் நெடுநாளாக இருந்து வந்தது.

1980ஆம் ஆண்டில் கனடிய அரசினர் தம் வான்படைக்குப் புதிய போர் விமானத்தைத் தெரிந்தெடுத்தனர். அமெரிக்காவின் மக்டானல் டக்ளஸ் நிறுவனம் செய்த சி.எப்.-18 என்னும் விமானம் அது. 138 விமானங்கள் வாங்கப்பட்டன. விமானம் வாங்கினால் மட்டும் போதாது. அதனைப் பல்லாண்டுகள் பேணிக் காத்தல் வேண்டும். அப்பேணுதல் தொழிலைப் பெறுவோர்க்கு நெடுங்கால வேலையும், புதிய தொழில்நுட்ப அறிவும் ஒருங்கே கிடைக்கும். ஆகவே அதற்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டபொழுது போட்டி கடுமையாயிற்று. முன்னின்ற போட்டியாளர் இருவர். ஒருவர் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரீல் நகரின் கனடேர் நிறுவனத்தார். மற்றவர் மனிட்டோபா மாகாணத்து வின்னிப்பெக் நகரின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தார்.

அரசினரின் வல்லுநர்கள் இரண்டு ஒப்பந்தப்புள்ளிகளையும் சீர்தூக்கிப் பார்த்தனர். தொழில்நுட்பத்திலும் வின்னிப்பெக் நிறுவனத்தின் புள்ளியே மேம்பட்டது. விலையிலும் அதுவே குறைந்தது என்று அவர்கள் முடிவு கூறினர். ஆயினும், 1986ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், தலைமை அமைச்சர் பிரையன் மல்ரோனியின் அரசு அவ்வொப்பந்தத்தை மாண்ட்ரீல் நிறுவனத்துக்கு அளிப்பதாக அறிவித்தது. விமானத் தொழில் நுட்பம் மாண்ட்ரீலில் ஊன்றினால் நாடு முழுமைக்கும் நலம் என்பது அரசினர் கூறிய காரணம்.

இம்முடிவு மேற்குப் பகுதி மக்களின் உள்ளத்தைச் சுட்டது. “திறமையிலும் வென்றோம், விலையிலும் வென்றோம், ஆயினும் தோற்றோம்” என்று அவர்கள் நொந்தனர். பின்னர் சி.எப்.-5 என்னும் பழைய விமானங்களைப் பேணும் வேலை வின்னிப்பெக்குக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் புண் ஆறவில்லை. அடுத்த ஆண்டே, 1987இல், மேற்குப் பகுதியின் குரலாகச் சீர்திருத்தக் கட்சி என்னும் புதிய கட்சி தோன்றியது. 1984இல் 211 இடங்களை வென்று ஆட்சிக்கு வந்த மல்ரோனியின் கட்சி, 1993ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டே இடங்களைப் பெற்றது. புதிய கட்சியோ 52 இடங்களைப் பெற்றது. அத்தோல்விக்குப் பிற காரணங்களும் பல உண்டு. ஆயினும் விமானம் பேணும் ஒப்பந்தத்தை மேற்குப் பகுதியார் மறக்கவேயில்லை.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. நாட்டு நலம் கருதி ஒரு பகுதிக்குத் தொழிலை அளிப்பது குற்றமா? அன்று. அதற்காகச் சிறிது மிகுதியான விலை கொடுப்பதும் சில வேளைகளில் தக்கதே. பின் குற்றம் எங்கே உள்ளது? தேர்வு எழுதும் மாணவனை எண்ணிப் பாருங்கள். எந்த வினாவுக்கு எத்துணை மதிப்பெண் என்பது வினாத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றது. அவன் அதனை நம்பி எழுதுகின்றான். விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பின்னர், “கையெழுத்து அழகுக்கே முதலிடம்” என்று ஆசிரியர் கூறினால் அது முறையாகுமா? கையெழுத்து அழகு நற்பண்பே. ஆனால் அதனை முன்னரே சொல்லியிருத்தல் வேண்டும். மாண்ட்ரீலுக்கு நேர்ந்தது பேறு. வின்னிப்பெக்குக்கு நேர்ந்தது இழப்பு. இரண்டுக்கும் மேலாக நாட்டுக்கு நேர்ந்தது நம்பிக்கைக் கேடு.

அதே 1986ஆம் ஆண்டில்தான், தொழில் நலத்தையும் பகுதி நலத்தையும் கொள்முதலோடு இணைக்கும் கொள்கை ஒன்றைக் கனடிய அரசினர் முறையாக வகுத்தனர். அதன் அமைப்பு அறியத்தக்கது. பெரிய பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களைப் பெறும் நிறுவனம், அவ்வொப்பந்தத்தின் முழு மதிப்புக்கு ஈடான தொழிலைக் கனடாவில் செய்தல் வேண்டும். ஒரு டாலருக்கு ஒரு டாலர் என்பது கணக்கு. ஒப்பந்தம் 50 கோடி டாலர் எனின், 50 கோடி டாலர் மதிப்புள்ள தொழில் அந்நாட்டில் நடைபெறல் வேண்டும்.

இத்தொழில் இரு வகைப்படும். வாங்கப்படும் பொருளோடு தொடர்புடைய வேலை நேர்முகத் தொழில் எனப்படும். தொடர்பில்லாத பிற வேலை மறைமுகத் தொழில் எனப்படும். எடுத்துக்காட்டாக, 2007ஆம் ஆண்டில் கனடா போயிங் நிறுவனத்திடம் சி-17 என்னும் பெருஞ்சரக்கு விமானங்கள் நான்கினை வாங்க ஒப்பந்தம் செய்தது. நான்கே விமானங்களுக்காகக் கலிபோர்னியாவில் இருந்த ஆலையைப் பெயர்த்துக் கனடாவுக்குக் கொண்டுவருதல் இயலுமா? இயலாது. ஆகவே அந்நிறுவனம் தன் பிற விமானங்களுக்கு வேண்டிய உறுப்புகளைக் கனடாவில் வாங்கியும், ஆராய்ச்சிகளுக்குப் பொருள் உதவியும் கணக்கைத் தீர்க்கலாம். இவ்வாறு ஒரு வாய்க்காலில் பாய முடியாத நீர் மற்றொரு வாய்க்காலில் பாய்கின்றது.

விதி இருந்தால் அதனை ஏய்க்கும் வழியைத் தேடுவாரும் இருப்பர் அன்றோ? அதற்கு அணைபோடும் விதிகளும் உண்டு. முதலாவது விதி, காரணத் தொடர்பு. ஒரு நிறுவனம் பத்தாண்டுகளாக ஒண்டாரியோவிலுள்ள பட்டறையில் உறுப்புகளை வாங்கி வருகின்றது என்க. அப்பழைய வேலையைக் காட்டி, “இதோ நான் வளர்த்த தொழில்” என்று கூற அதற்கு உரிமையில்லை. ஒப்பந்தத்தின் பொருட்டே விளைந்தது என்று காட்டத்தக்க தொழிலே கணக்கில் சேரும். இரண்டாவது விதி, மிகுதிப்பாடு. பழைய பட்டறையிலேயே வாங்குவதாயினும், முன்பு வாங்கியதற்கு மேற்பட்ட அளவே கணக்கில் கொள்ளப்படும். மூன்றாவது விதி, உள்நாட்டு மதிப்பு. ஒரு பட்டறை 100 டாலருக்கு ஒரு பொருளை விற்கின்றது. அதில் 40 டாலர் மதிப்புள்ள உறுப்புகள் அயல்நாட்டிலிருந்து வந்தவை. எஞ்சிய 60 டாலரே கனடியத் தொழிலாக மதிக்கப்படும். பெயர்ப் பலகையை மட்டும் மாற்றி ஊரை ஏமாற்றுதல் இதனால் தடுக்கப்படுகின்றது.

ஆதலின் ஒப்பந்தப்புள்ளி எழுதும் நிறுவனத்தார் விலையைக் கணக்கிடும் பொழுதே நலத்திட்டத்தையும் வகுத்தாக வேண்டும். எப்பகுதியில் எத்தகைய பட்டறைகள் உள்ளன, அவற்றின் திறமை எவ்வளவு, அங்கே பயிற்சி பெற்ற தொழிலாளர் உளரா, குறித்த ஆண்டுகளுக்குள் வேலையை முடிக்க இயலுமா என்றெல்லாம் அவர்கள் நேரிற் சென்று ஆராய்தல் வேண்டும். சிறு நிறுவனங்கள் பெரு நிறுவனங்களின் நிழலில் மறைந்துபோகாதவாறு, 250 தொழிலாளர்க்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும்; பெரும்பாலும் அது நூற்றுக்குப் பதினைந்து. ஒப்பந்தம் பெற்ற பின்னரும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டல் வேண்டும். சொன்னதைச் செய்யாவிடின் தண்டம் உண்டு. திறமையின்றி வாக்களித்துவிட்டுப் பின்னர் விழிப்பவர்க்கு இத்துறையில் இடமில்லை.

2014ஆம் ஆண்டில் இக்கொள்கை மேலும் திருத்தம் பெற்றது. அதுவரை, குறைந்த அளவு நலத்தை ஒப்புக்கொண்டால் போதும் என்னும் நிலையே பெரும்பாலும் இருந்தது. புதிய திட்டத்தில் அந்நலத்துக்கே மதிப்பெண் வகுக்கப்பட்டது. பொருளின் தரத்துக்கு இத்தனை, விலைக்கு இத்தனை, நாட்டுக்கு விளையும் நலத்துக்கு இத்தனை என்று முன்னரே அறிவிக்கப்பட்டது. நலத்தின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து. நூற்றுக்குப் பத்து என்பது சிறிதெனத் தோன்றலாம். தரமும் விலையும் ஏறத்தாழ ஒத்திருக்கும் போட்டியில் அப்பத்தே வெற்றி தோல்வியை முடிவு செய்யும்.

மதிப்பெண் முறையின் பெருமையைக் கனடிய மக்கள் இதற்கு முன்னரே ஒருமுறை கண்டிருந்தனர். 2010ஆம் ஆண்டில் கடற்படைக்கும் கடலோரக் காவற்படைக்கும் பல கப்பல்களைக் கட்டும் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. போர்க்கப்பல் தொகுதியின் மதிப்பு 2,500 கோடி டாலர். பிற கப்பல் தொகுதியின் மதிப்பு 800 கோடி டாலர். கிழக்குக் கரையில் ஹாலிபாக்ஸ் நகரின் இர்விங் நிறுவனமும், மேற்குக் கரையில் வான்கூவர் நகரின் சீஸ்பேன் நிறுவனமும், கியூபெக் மாகாணத்தின் டேவி நிறுவனமும் போட்டியிட்டன. 1986ஆம் ஆண்டின் நினைவு அரசியலார் உள்ளத்தில் பசுமையாக இருந்தது. ஆகவே தெரிவு செய்யும் பொறுப்பை அமைச்சர்கள் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அரசு அலுவலர்களே வெளி வல்லுநர்களின் துணைகொண்டு மதிப்பெண் இட்டனர். நடுநிலை தவறாமையைக் கண்காணிக்கத் தனியே ஒருவர் அமர்த்தப்பட்டார். வெற்றி பெறும் நிறுவனம், ஒப்பந்த மதிப்பில் நூற்றுக்கு அரைப் பங்கினைத் தொழிலாளர் பயிற்சி, தொழில்நுட்பம், துணைத் தொழில்களின் வளர்ச்சி ஆகியவற்றில் செலவிடல் வேண்டும் என்பதும் முன்னரே விதிக்கப்பட்டது.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. அதனை அறிவித்தவர் அமைச்சர் அல்லர். ஓர் அரசு அலுவலர். போர்க்கப்பல்கள் ஹாலிபாக்ஸுக்கும், பிற கப்பல்கள் வான்கூவருக்கும் கிடைத்தன. கியூபெக்குக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கு வருத்தம் இல்லாமல் இல்லை. எனினும் 1986இல் எழுந்தது போன்ற கொந்தளிப்பு நாட்டில் எழவில்லை. விதியை முன்னரே அறிந்து போட்டியிட்டுத் தோற்றவன் வருந்துவான். ஆனால் வஞ்சிக்கப்பட்டோம் என்று கொதிக்கமாட்டான். பல ஆண்டுகள் கழிந்து, 2023ஆம் ஆண்டில், கியூபெக்கின் டேவி நிறுவனமும் அத்திட்டத்தில் மூன்றாவது கப்பல் தளமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இம்முறையில் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. உள்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்னும் நிபந்தனையால் பொருளின் விலை உயர்தல் கூடும். தொழில் புதிதாகலின் காலமும் நீளும். கனடாவின் கப்பல் திட்டத்திலும் முதலிற் கருதியதைவிடக் காலமும் செலவும் மிகுந்தன. கடல் ரோந்துக் கப்பல்களுள் முதலாவது 2020ஆம் ஆண்டில்தான் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்செலவைத் தாங்குபவர் வரி செலுத்தும் மக்களே. ஆதலின், நாட்டு நலம் என்னும் பெயரால் எந்த விலையையும் கொடுக்கலாம் என்று எண்ணுதல் தவறு. எத்துணை நலத்துக்கு எத்துணை விலை என்பதையும் அளந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் வேரூன்றியுள்ளது. குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்காக நடுவணரசு 2012ஆம் ஆண்டில் ஒரு கொள்முதல் ஆணை பிறப்பித்தது. பெரிய நிறுவனம் ஒன்று மிகக் குறைந்த விலையைக் குறித்திருக்கும்பொழுது, அதைவிட நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாத விலை குறித்த சிறு நிறுவனம், தன் விலையை அக்குறைந்த விலைக்கு இறக்க ஒப்பினால், கொள்முதலில் ஒரு பங்கினை அதற்கு அளிக்கலாம் என்பது அவ்வாணையின் ஓர் ஏற்பாடு. இதனால் சிறியோர்க்கு வாய்ப்புக் கிடைக்கின்றது. மக்களின் பணமும் மிகுதியாகச் செலவாவதில்லை. எல்லார்க்கும் இவ்விதி முன்னரே தெரியும் என்பதே இதன் சிறப்பு.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன மூன்று. பொதுப்பணம் செலவாகும்பொழுது அதனால் நாட்டின் எல்லாப் பகுதிகளும் பயன் பெறுமாறு எண்ணுதல் அறம். அவ்வறத்தை எவ்வாறு அளப்போம் என்பதை, உறை பிரிப்பதற்கு முன்னரே உலகறியச் சொல்லுதல் முறை. சொன்னவாறு நடந்ததா என்பதை ஆண்டுதோறும் ஆராய்தல் கடமை. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் மற்றவை பயன்படா. அறம் மட்டும் இருந்து முறை இல்லையாயின், அது சலுகை என்று பழிக்கப்படும். முறை மட்டும் இருந்து ஆராய்ச்சி இல்லையாயின், வாக்குறுதிகள் ஏட்டிலேயே நின்றுவிடும்.

நாளை உங்களுள் சிலர் அரசு அலுவலராகலாம். சிலர் பட்டறை நடத்தி ஒப்பந்தப்புள்ளி எழுதலாம். எல்லீரும் வரி செலுத்துவீர்கள். மதகின் அருகே நிற்பவராயினும், கடைமடையில் நிற்பவராயினும், முறை யாது என்று முன்னரே கேட்டறியுங்கள். அறிந்த முறை வழுவாமற் காப்பதற்குத் துணைநில்லுங்கள்.